கார்டு பில்லில் தப்புப் பற்று: கடைக்குப் போவதா, வங்கிக்கு எழுதுவதா?

கிரெடிட் கார்டு பில் மொத்தம் 42,750 ரூபாய். அதில் ஒரே பாத்திரக்கடையின் பெயர் அடுத்தடுத்து இரண்டு வரிகளில் இருக்கிறது, இரண்டிலும் 18,400. கல்யாணச் சீருக்கு எவர்சில்வரும் பித்தளையும் எடுத்த நாள் அது. முதல் தடவை தேய்த்தபோது மெஷினில் சிக்னல் போய்விட்டது. சீட்டு வரவில்லை, கடைக்காரர் மறுபடி தேய்த்தார். முகூர்த்த மாதத்தில் காரைக்குடிக் கடைவீதியில் கூட்டம் நெரியும்போது எளிதில் நடக்கிற தப்பு இது.

இப்போது வீட்டில் ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். கடைக்குப் போய்க் கேள் என்பார் ஒருவர். கஸ்டமர் கேருக்குப் போன் போடு என்பார் இன்னொருவர். மோசடி என்று புகார் கொடுத்தால் சீக்கிரம் நடக்கும் என்று மூன்றாமவர் சொல்வார். பணத்தைக் கட்டாதே, தானாக வழிக்கு வருவார்கள் என்பார் நான்காமவர். முதல் இரண்டும் சரியான வழிகள், எதை எப்போது என்பதுதான் கேள்வி. மூன்றாவது இந்தத் தப்புக்குப் பொருந்தாது. நான்காவது பெரும்பாலும் நம் கையைத்தான் சுடும்.

புகாரில் நீங்கள் முதலில் எழுதும் சொல்லே எந்த விதி, எந்தக் கெடு, எந்த மேசை என்பதையெல்லாம் தீர்மானிக்கிறது. ‘மோசடி’ என்று எழுதினால் ஒரு வழி, ‘இரட்டைப் பற்று’ என்று எழுதினால் இன்னொரு வழி, ‘வங்கியே தப்பாகப் போட்ட கட்டணம்’ என்றால் மூன்றாவது வழி. அதனால் வழியைத் தேர்வதற்கு முன் அந்த வரி எந்த வகை என்று பார்த்துவிட வேண்டும்.

அந்த வரி எந்த வகை?

தெரியாத பெயர் என்றதும் பதற வேண்டாம். கடையின் பலகையில் ஒரு பெயரும், மெஷின் பதிவான பெயர் உரிமையாளரின் பெயராகவும் இருப்பது சகஜம். ஆன்லைனில் வாங்கியதற்குப் பணம் வசூலிக்கும் நிறுவனத்தின் பெயரும், அதன் ஊராக மும்பையோ பெங்களூரோ விழும். பெயரை விட்டுவிட்டுத் தொகையையும் தேதியையும் எஸ்எம்எஸ்ஸோடு ஒத்துப் பாருங்கள். பில்லில் இருப்பது செலவு செய்த தேதியா, கணக்கில் ஏறிய தேதியா என்பதையும் கவனியுங்கள். இரண்டுக்கும் இடையே இரண்டு மூன்று நாள் வித்தியாசம் வரும்.

பெட்ரோல் பங்கில் 1 சதவீதக் கூடுதல் கட்டணம் ஒரு வரியாக ஏறி, பிறகு வரவாகத் திரும்பும். அதன் மேல் விதித்த ஜிஎஸ்டி பொதுவாகத் திரும்பாது. அது பிழையல்ல. மலேசியா, சிங்கப்பூர் போய் வந்தவர்களுக்குக் கடைச் சீட்டைவிடப் பில்லில் தொகை கூடியிருக்கும். அந்நியச் செலாவணி மார்க்கப், அதாவது வெளிநாட்டுப் பணத்தை ரூபாயாக மாற்ற வங்கி எடுக்கும் கூடுதல் கட்டணம், பல கார்டுகளில் 3.5 சதவீதம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆகமொத்தம் 4.13 சதவீதம். இதற்குச் சர்ச்சை (வங்கியிடம் எழுத்தில் கொடுக்கும் ஆட்சேபம்) போட்டால் நிற்காது.

நிற்கக்கூடியவை மூன்று வகை. முதலாவது, நீங்கள் செய்த செலவில் கடை தரப்புப் பிழை: இரட்டைப் பற்று, தப்பான தொகை, ரத்து செய்தும் வராத ரீஃபண்ட், வராத பொருள். இரண்டாவது, வங்கியே போட்ட தப்பு: ‘ஆயுள் முழுதும் இலவசம்’ என்று கொடுத்த கார்டுக்கு ஆண்டுக் கட்டணம், கேட்காத காப்பீட்டுப் பிரீமியம், தேவையில்லாத தாமதக் கட்டணம். மூன்றாவது, நீங்கள் செய்யாத செலவு. இது மட்டுமே மோசடி.

இரண்டாவது வகையில் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமில்லை, நேராக வங்கிக்கு எழுதுங்கள். 2022 ஜூலை முதல் நடப்புக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, பில்லில் ஒன்றை நீங்கள் ஆட்சேபித்தால் வங்கி 30 நாளுக்குள் விளக்கமும், தேவையானால் ஆதாரமும் தர வேண்டும். தாமதக் கட்டணமும் கெடு தேதி தாண்டி மூன்று நாளுக்கு மேல் பாக்கி நின்றால்தான் போடலாம். கெடுவுக்கு மறுநாள் பணம் ஏறியதற்குக் கட்டணம் விழுந்திருந்தால் இந்த ஒரு விதியைக் குறிப்பிட்டு எழுதினால் போதும்.

கடை வழியும் வங்கி வழியும்

முதல் வகைக்குத்தான் உண்மையான தேர்வு இருக்கிறது. உள்ளூர்க் கடையென்றால் முதலில் கடைக்குப் போவதே நல்லது. பழக்கத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கடைக்காரரால் நிமிடத்தில் செய்ய முடிவதை வங்கி வழியில் செய்ய வாரக்கணக்காகும்.

கார்டு மெஷினில் அன்றைய கணக்கு இரவில் மொத்தமாக அனுப்பப்படும், அதை செட்டில்மென்ட் என்பார்கள். அதற்கு முன் கண்டுபிடித்தால் மெஷினிலேயே ‘வாய்டு’ போட்டு அந்தப் பற்றை ரத்து செய்துவிடலாம், பில்லுக்கே வராது. செட்டில்மென்ட் ஆன பிறகு ‘ரீஃபண்ட்’ ஒன்றுதான் வழி. அது உங்கள் கணக்கில் ஏறச் சில வேலை நாள்கள் பிடிக்கும். அதனால் மெஷின் மக்கர் செய்த அன்றே, கடையை விட்டு இறங்குமுன், எஸ்எம்எஸ் எத்தனை வந்திருக்கிறது என்று பார்த்துவிடுவது பாதி வேலையை முடித்த மாதிரி.

கடைக்குப் போகும்போது வெறும் கையோடு போகாதீர்கள். சீட்டில் மூன்று எண்கள் முக்கியம்: ஆறு இலக்க ஒப்புதல் எண், அந்தச் செலவைத் தேடிப் பிடிக்க உதவும் பன்னிரண்டு இலக்க ஆர்ஆர்என், மெஷினின் டெர்மினல் எண். அன்றைய செட்டில்மென்ட் அறிக்கையில் ஒரே தொகை இரண்டு ஒப்புதல் எண்களோடு இருந்தால் பணம் கடைக்கு இரண்டு முறை போயிருக்கிறது, ரீஃபண்ட் அவர்தான் போட வேண்டும். ஒன்றுதான் இருக்கிறது என்றால் கடைக்காரர் மேல் தப்பில்லை, இடையில் தொங்கிய பற்று அது. அப்படிக் கடைக்குச் சேராமல் பற்றான பணத்தை, செலவு நாளிலிருந்து 5 நாளுக்குள் தானாகத் திருப்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று 2019 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. இந்த 100 ரூபாயைக் கேட்காமலேயே தர வேண்டும். வரவில்லையென்றால் எழுதிக் கேளுங்கள்.

கடைக்காரர் ‘கையில் ரொக்கமாகத் தந்துவிடுகிறேன்’ என்பார், நல்ல எண்ணத்தில்தான். வாங்காதீர்கள். கார்டில் பற்று எழுதியதற்குக் கார்டிலேயே வரவு வர வேண்டும், அப்போதுதான் கணக்கு நேராகும். பேரேடும் ஐந்தொகையும் பார்த்து வளர்ந்த ஊர் இது, 1937-ல் ஒரு வங்கியே ஒரே நாளில் காரைக்குடியிலும் சென்னையிலும் ரங்கூனிலும் கதவு திறந்த மண். பற்றும் வரவும் வேறு வேறு ஏட்டில் கிடந்தால் என்ன ஆகும் என்று இங்கே விளக்க வேண்டியதில்லை. ரொக்கத்தையும் வாங்கி, வங்கியில் போட்ட சர்ச்சையும் பலித்துவிட்டால் கடைக்காரருக்கு இரட்டை நஷ்டம். வங்கிக்கு எழுதிய பிறகு கடை ரீஃபண்ட் போட்டுவிட்டால் அன்றே வங்கிக்குத் தெரிவித்துவிடுங்கள்.

ரீஃபண்ட் ‘போட்டாச்சு’ என்று சொன்னால் ஏஆர்என் கேளுங்கள். அது 23 இலக்கம். அந்த எண் இருந்தால் உங்கள் வங்கி பணத்தைத் தேடிப் பிடிக்க முடியும். ரீஃபண்ட் போட்டதாகச் சொல்பவர் பல நாள் கழித்தும் ஏஆர்என் தராமல் இழுத்தால் கடை வழியை அத்தோடு விட்டுவிட்டு வங்கிக்கு எழுதுங்கள். எங்கள் கணக்கில் கடைக்கு ஒரு வாரம், அதிகபட்சம் பத்து நாள். அதற்கு மேல் காத்திருப்பது கெடுவைத் தின்றுவிடும்.

வங்கி வழி என்பது சார்ஜ்பேக். உங்கள் வங்கி விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற வலையமைப்பு வழியாகக் கடையின் வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கேட்கும். விசா, மாஸ்டர்கார்டில் பெரும்பாலான வகைகளுக்கு 120 நாள். ஆனால் வங்கிகள் தங்கள் நிபந்தனைத் தாளில் வாடிக்கையாளருக்கு அதைவிடக் குறைந்த கெடு வைத்திருக்கும், பில் தேதியிலிருந்து 60 நாள் என்பது பரவலானது. உங்களுக்குக் கணக்கு அந்தக் குறைந்த கெடுதான்.

சார்ஜ்பேக்கில் யார் ஜெயிப்பார் என்பது காகிதத்தைப் பொறுத்தது. இரட்டைப் பற்றுக்குக் காகிதம் எளிது: ஒரே ரசீது, இரண்டு ஒப்புதல் எண். கானாடுகாத்தானில் பழைய வீட்டு விடுதியில் அறை போட்டு ரத்து செய்தவருக்கு, ரத்தை ஒப்புக்கொண்ட மின்னஞ்சலும் அதிலுள்ள தொகையும் போதும். ரீஃபண்ட் ஏற 15 நாள் விட்டுப் பிறகு போடலாம். சிரமம் எங்கே என்றால் பொருளின் தரத்தில்.

பழைய வீட்டைப் புதுப்பிக்க ஆத்தங்குடித் தரை ஓட்டுக்குக் கார்டில் முன்பணம் கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். கண்ணாடி மேல் கையால் சாயம் ஊற்றிச் செய்கிற கல் அது, ஒன்றுக்கொன்று நிறத்தில் கொஞ்சம் மாறத்தான் செய்யும். ‘நிறம் சரியில்லை’ என்று சர்ச்சை போட்டால் பட்டறைக்காரர் அதையே பதிலாக எழுதுவார், உங்கள் பக்கம் நிற்காது. ‘கல் வரவே இல்லை’ என்றால் நிற்கும். ஆனால் வராத பொருளுக்குக் கெடு, வருவதாகச் சொன்ன தேதியிலிருந்து ஓடும். பில்லில் ‘கூடிய சீக்கிரம்’ என்று எழுதி வாங்கியிருந்தால் எண்ணத் தொடங்கத் தேதியே இல்லை. முன்பணம் கட்டும்போதே எத்தனை கல், என்ன வடிவம், எந்தத் தேதிக்குள் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். இந்த ஒரு வரி பின்னால் பத்து மின்னஞ்சலுக்குச் சமம்.

வங்கிக்கு எழுதுவது என்றால் போனில் சொல்வதல்ல. உள்ளூர்க் கிளையில் போய் நின்றாலும் கார்டுப் பிரிவுக்குத்தான் அனுப்பி வைப்பார்கள். வங்கியின் பெயர் ஒன்றாகவே இருந்தாலும் கார்டு தருவது தனி நிறுவனமாக இருக்கலாம், கார்டின் பின்புறத்தைப் பாருங்கள். செயலியில் சர்ச்சைப் படிவம் இருந்தால் அதிலும், கூடவே பதிவான மின்னஞ்சலிலிருந்தும் அனுப்புங்கள். புகார் எண் வாங்காமல் விடாதீர்கள். வாசகம் இவ்வளவு நீளம் போதும்:

“கடைசி நான்கு எண் இன்னது உள்ள என் கார்டில், இன்ன தேதியில் இன்ன கடையில் 18,400 ரூபாய்க்கு ஒரே ஒரு முறை பொருள் வாங்கினேன். பில்லில் அதே தொகை இரண்டு முறை பற்றாகியுள்ளது. இன்ன ஒப்புதல் எண்ணில் உள்ள பற்று சரி. இன்ன ஒப்புதல் எண்ணில் உள்ளது இரட்டைப் பற்று. அந்தத் தொகையையும் அதன் மேல் விதித்த வட்டி, ஜிஎஸ்டியையும் வரவு வைக்கவும். முடிவாகும்வரை அதைச் சர்ச்சைத் தொகையாகக் குறித்து எழுத்தில் உறுதி செய்யவும்.”

இதில் ‘பற்று சரி’ என்று ஒன்றை ஒப்புக்கொள்வது முக்கியம். இரண்டையும் மறுப்பது போல எழுதினால் புகார் மோசடிப் பிரிவுக்குப் போய்விடும். அங்கே கார்டை முடக்குவார்கள். செலவு கார்டைத் தேய்த்து, ரகசிய எண் (PIN) போட்டு நடந்திருக்கிறது என்று பார்த்துப் புகாரைத் தள்ளிவிடுவார்கள். பிறகு சரியான வகையில் மறுபடி தொடங்க நாள் போயிருக்கும்.

மோசடி வழி: இங்கே கடிகாரம் வேறு

உண்மையிலேயே நீங்கள் செய்யாத செலவு என்றால் கடைக்காரரைத் தேடிப் போகாதீர்கள். முதலில் செயலியில் கார்டை முடக்குங்கள், உடனே வங்கிக்குத் தெரிவியுங்கள், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் அழையுங்கள். 2017 ஜூலை 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையின்படி, தப்பு உங்கள் மேலும் வங்கி மேலும் இல்லாமல் வெளியே எங்கோ நடந்திருந்தால், வங்கியின் அறிவிப்பு வந்த 3 வேலை நாளுக்குள் சொன்னால் உங்கள் பொறுப்பு பூஜ்யம். 4 முதல் 7 வேலை நாளுக்குள் என்றால், கடன் வரம்பு 5 லட்சம் வரை உள்ள கார்டுக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய், அதற்கு மேல் வரம்புள்ள கார்டுக்கு 25,000. ஏழு வேலை நாள் தாண்டினால் வங்கியின் கொள்கைப்படி. அறிவிப்பு வந்த நாளை எண்ண வேண்டாம். இரண்டாம் சனிக்கு முந்தைய வியாழனன்று எஸ்எம்எஸ் வந்தால் வெள்ளி, திங்கள், செவ்வாய் என்று மூன்று நாள். நீங்கள் சொன்ன 10 வேலை நாளுக்குள் தொகையைத் தற்காலிகமாக வரவு வைத்து, 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தப்பு உங்களுடையது என்று நிரூபிக்கும் பொறுப்பும் வங்கியுடையது.

இந்த மூன்று நாள் கணக்கு செட்டிநாட்டு வீடுகளை ஒரு விதத்தில் கடுமையாகப் பாதிக்கக்கூடியது. பெரிய வீட்டில் ஆச்சி மட்டும் இருப்பார், கார்டு அவர் பெயரில், எஸ்எம்எஸ் அவர் போனுக்கு, பில் பார்ப்பதோ சிங்கப்பூரில் இருக்கும் மகன், அதுவும் மாதம் ஒரு முறை. அறிவிப்பு வந்த நாளிலிருந்து எண்ணுவதால், மகன் பில்லைத் திறக்கும்போது கெடு எப்போதோ முடிந்திருக்கும். மின்னஞ்சல் அறிவிப்பையும் இயக்கி, அது மகனும் அன்றாடம் பார்க்கிற முகவரிக்கு வரும்படி செய்து வையுங்கள். செயலியில் வெளிநாட்டுச் செலவையும் ஆன்லைன் செலவையும் நிறுத்தி, வேண்டியபோது திறந்துகொள்ளலாம். ஓடிபியை வெளியாளிடம் சொல்லிவிட்டார் என்றால், தெரிவிக்கும் நேரம் வரையிலான நஷ்டம் அவர் தலையில்தான். தெரிவித்த பிறகு போவது வங்கியைச் சேரும். அதனால் அந்த நிலையிலும் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

பில்லைக் கட்டுவதா, பிடித்து வைப்பதா?

மேலே சொன்ன 42,750 பில்லுக்கு வருவோம். மூன்று விதமாகக் கட்டலாம். மொத்தமும் கட்டலாம், 18,400-ஐக் கழித்து 24,350 கட்டலாம், குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டலாம்.

மோசடி என்று புகார் கொடுத்த தொகைக்கு, அது முடியும்வரை எந்தக் கட்டணமும் போடக் கூடாது என்பது விதி. அங்கே கழித்துக் கட்டலாம், புகார் எண்ணும் எழுத்தில் உறுதியும் கையில் இருந்தால். இரட்டைப் பற்று போன்ற கடை தரப்புப் பிழைக்கு இந்தப் பாதுகாப்பு இவ்வளவு வெளிப்படையாக இல்லை. வங்கி அந்தத் தொகையைத் தனியாகக் குறித்து வைக்கவில்லையென்றால், நீங்கள் பில்லை முழுதாகக் கட்டவில்லை என்றே கணினி எடுத்துக்கொள்ளும். அப்போது வட்டியில்லாக் காலம் போய்விடும். மாதம் 3.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 18,400-க்கு நாளுக்கு 21 ரூபாய். ஆனால் வட்டி அதோடு நிற்பதில்லை. மற்ற செலவுகளுக்கும் செலவு செய்த நாளிலிருந்து கட்டிய நாள் வரை ஏறும், முழுத்தொகை 42,750-க்கு நாளுக்கு 49 ரூபாய். அடுத்த மாதம் வாங்குகிற மளிகைக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி. எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி.

அதனால் எங்கள் தீர்ப்பு இது. கையில் பணம் இருந்தால் இரட்டைப் பற்றுக்கு மொத்தத்தையும் கட்டிவிட்டுச் சண்டை போடுங்கள். கட்டியதால் உரிமை போகாது, மின்னஞ்சலில் ‘ஆட்சேபத்தோடு கட்டுகிறேன்’ என்று ஒரு வரி சேருங்கள். பிறகு வரும் வரவை அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளலாம், அல்லது சேமிப்புக் கணக்குக்கு மாற்றச் சொல்லலாம். பணம் முடையாக இருந்தால், வங்கி ‘சர்ச்சைத் தொகையாகக் குறித்துவிட்டோம்’ என்று எழுத்தில் சொன்ன பிறகே 24,350 கட்டுங்கள். வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம். குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டுவது மூன்றிலும் மோசம். அது தாமதக் கட்டணத்திலிருந்து காப்பாற்றும், வட்டியிலிருந்து காப்பாற்றாது.

தானாகப் பிடிக்கும் ஏற்பாடு வைத்திருப்பவர்கள் கெடுவுக்குச் சில வேலை நாள் முன்பே அதை மாற்ற வேண்டும், கடைசி நாளில் நிறுத்த முடியாது. சர்ச்சையில் இருக்கும் தொகையை இஎம்ஐ-யாக மாற்றச் சொல்லி வரும் குறுஞ்செய்திக்குச் சம்மதிக்காதீர்கள். கிடைக்கப்போகும் பணத்துக்குத் தவணை வட்டி கட்டுகிற நிலை வரும்.

30 நாள் போயும் பதில் இல்லையென்றால்

புகார் கொடுத்து 30 நாளாகியும் பதில் வரவில்லை, அல்லது மறுத்துவிட்டார்கள் என்றால் இரண்டு கதவுகள். ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளர் (ஓம்பட்ஸ்மன்) ஒன்று, மாவட்ட நுகர்வோர் ஆணையம் இன்னொன்று.

குறைதீர்ப்பாளருக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற இணையப் புகார் தளத்தில் வீட்டிலிருந்தே போடலாம். 14448 என்ற எண்ணில் தமிழிலும் பேசலாம். ஆனால் வங்கியிடம் முதலில் எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும். அதைச் செய்யாமல் போட்டால் புகாரை ஏற்க மாட்டார்கள், போனில் சொன்னவர்கள் தடுமாறுவது இங்கேதான். 30 நாள் முடிந்ததும் உடனே போடுங்கள். பெரிய வங்கிகள் புகாரை மறுக்கும்முன் தங்கள் உள் குறைதீர்ப்பாளரிடம் அனுப்பியாக வேண்டும். மறுப்புக் கடிதத்தில் அது பற்றி ஒன்றும் இல்லையென்றால் அதையும் புகாரில் எழுதுங்கள்.

நுகர்வோர் ஆணையத்தின் பலம் வேறு. கடையையும் வங்கியையும் சேர்த்தே எதிர்த்தரப்பு ஆக்கலாம், குறைதீர்ப்பாளர் கடைக்காரரை ஒன்றும் சொல்ல முடியாது. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், காரைக்குடி, தேவகோட்டைக்காரர்களுக்குச் சிவகங்கை. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் நாள் பிடிக்கும், விசாரணை தேதிகள் தள்ளிக்கொண்டே போகும். வங்கியின் பிழை தெளிவாக இருக்கும் 18,400 ரூபாய்க்குக் குறைதீர்ப்பாளரே சரி. பட்டறையோ விடுதியோ ஏமாற்றி, வங்கியும் சார்ஜ்பேக்கைத் தள்ளிவிட்டது என்றால் ஆணையம். அதற்கு முன் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு முறை முயன்று பார்க்கலாம், சில கடைகள் அந்த அழைப்புக்கே இறங்கி வருகின்றன. ஒரே விஷயத்தை நீதிமன்றத்திலோ ஆணையத்திலோ போட்டுவிட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போக முடியாது, வரிசையை யோசித்து வையுங்கள்.

வரவு வந்த பிறகும் இரண்டு பில்லைப் பாருங்கள். முதலில் வருவது பெரும்பாலும் தற்காலிக வரவு, கடை தரப்பு ஆதாரம் கொடுத்தால் அதை மறுபடி பற்றாக எழுதுவார்கள். ‘சர்ச்சை உங்கள் பக்கம் முடிந்தது’ என்ற கடிதம் வரும்வரை சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அசல் 18,400 திரும்பி, அதன் மேல் போட்ட வட்டியும் ஜிஎஸ்டியும் திரும்பாமல் விட்டிருப்பார்கள். அது தனி வரியாக வரவாகியிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அதே புகார் எண்ணில் எழுதுங்கள்.